கடலுக்குச் சென்ற அன்னையை அழைத்து வருவோர்: இருளர் மக்களின் மாசிப் பௌர்ணமி விழா

மாசி மாதம் தஞ்சைத் தரணிக்கு ஓய்வு மாதம். சம்பா அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்திருக்கும். மேட்டூர் அணையை ஜனவரி 28ஆம் நாள் மூடுவது வழக்கமாதலால் காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் மணல் தெரியத் தொடங்கியிருக்கும். அறுவடையான வயல்களில் மிஞ்சிய ஈரத்தை நம்பித் தெளித்த உளுந்தும் பயறும் மட்டுமே பசுமை காட்டும்.

இம்மாதத்தில்தான் நம் பகுதி மக்கள் நீரை நாடிச் செல்கின்றனர். கும்பகோணத்தில் மாசி மக நீராடல் நடைபெறுகிறது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதுவே மகாமகமாகிறது. 2004இலும் 2016இலும் நடந்த அவ்விழா அடுத்து 2028இல் வரவிருக்கிறது. காரைக்கால் அருகே திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் திருக்கண்ணபுரத்துச் சவுரிராசப் பெருமாள் எழுந்தருளும்போது, மீனவ மக்கள் அவரைத் தங்கள் வீட்டு மாப்பிள்ளை என்று உரிமையோடு வரவேற்கின்றனர். கிள்ளை கடற்கரைக்கு வரும் ஸ்ரீமுஷ்ணம் பூவராகருக்கு அங்குள்ள தர்காவில் இசுலாமிய மக்கள் மரியாதை செய்கின்றனர். உறவு பாராட்டும் மாதம் என்றே மாசியைச் சொல்லலாம்.

நமக்கும் இது பெரும்பாலும் தவக்காலத்தில் வரும் நாள். உயிர்ப்புப் பெருவிழா நிலவைக் கொண்டு கணக்கிடப்படுவதை நாம் அறிவோம். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே அப்பெருவிழா. ஆகவே அதற்கு முந்திய முழுநிலவு, அதாவது பல ஆண்டுகளில் மாசிப் பௌர்ணமி, நாம் சாம்பல் பூசி நோன்பு தொடங்கிய பிறகு வருகிறது. நாம் மன்னிப்பைப் பற்றிச் சிந்திக்கும் அதே நாள்களில், தமிழகத்தின் பழங்குடி மக்களுள் ஒரு பிரிவினர் தங்களுக்கே உரிய மன்னிப்பு விழாவைக் கொண்டாடுகின்றனர். அவர்கள்தாம் இருளர். விழா நடக்கும் இடம் மாமல்லபுரம் கடற்கரை.

அவ்விழாவைப் பற்றியும், அது மன்னிப்பைக் குறித்து நமக்கு நினைவூட்டும் ஓர் உண்மையைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம். முறிந்த உறவு மீண்டும் சேர வேண்டுமானால் யாரேனும் ஒருவர் எழுந்து நடந்தாக வேண்டும் என்பதே அவ்வுண்மை.

இருளர் யார்?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பழங்குடியினர் ஏறக்குறைய 7 லட்சத்து 95 ஆயிரம் பேர். இது மாநில மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு. அவர்களுள் மலையாளி இனத்தவருக்கு அடுத்தபடியாக அதிக எண்ணிக்கையில் உள்ளவர்கள் இருளர். அன்று அவர்கள் ஏறக்குறைய 1 லட்சத்து 90 ஆயிரம் பேர். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருடன் இருளரையும் மிகவும் நலிவுற்ற பழங்குடியினராக மத்திய அரசு வகைப்படுத்தியுள்ளது.

நீலகிரி, கோவை மலைப்பகுதிகளில் வாழும் இருளர் தங்களுக்கெனத் தனிமொழி உடையவர்கள். சமவெளி இருளர் தமிழ் பேசுகின்றனர். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஏரிக்கரைகளிலும் ஊர்ப் புறம்போக்குகளிலும் சிறுசிறு குடியிருப்புகளாக இவர்கள் வாழ்கின்றனர். வில்லியர் என்ற பெயரும் இவர்களுக்கு உண்டு.

ஒரு காலத்தில் காடே இவர்களுக்கு வீடும் களஞ்சியமுமாக இருந்தது. தேன், கிழங்கு, மூலிகை, சிறு வேட்டை ஆகியவற்றால் வாழ்ந்தனர். பாம்பு பிடித்து அதன் தோலை வணிகர்களுக்கு விற்பதும் ஒரு தொழிலாயிற்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், பின்னர் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் காட்டுயிர்களைக் காக்கத் தேவையானவையே. ஆனால் அவை வந்தபோது பல இருளர் குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. செங்கல் சூளை, அரிசி ஆலை, விறகு வெட்டும் தோப்பு, கரும்புத் தோட்டம் என்று கூலி தேடி அலைவது அவர்கள் வாழ்வாயிற்று.

நமக்கும் அவர்களுக்கும் உள்ள தொடர்பு

இருளர் எங்கோ வடக்கே வாழ்பவர்கள், காவிரிப் படுகைக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை என்று நாம் நினைக்கலாம். உண்மை அதுவன்று.

காவிரியின் கிளையான கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்துக்கும் வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் இடையே பிச்சாவரம் சதுப்புநிலக் காடு உள்ளது. சுரபுன்னை மரங்கள் நிறைந்த அந்தக் கழிமுகத்தில், கிள்ளையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் இருளர் வாழ்கின்றனர். காட்டை இழந்த இவர்கள் உப்புநீரை நம்பி வாழக் கற்றுக்கொண்டனர். முழங்கால் அளவு, இடுப்பு அளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிப்பது இவர்கள் தொழில். நீண்டகாலம் இவர்களிடம் படகோ வலையோ இல்லை. பழங்குடியினர் என்ற சான்றிதழும் எளிதில் கிடைக்கவில்லை. கும்பகோணத்தில் பிறந்த வேளாண் அறிவியலாளர் எம். எஸ். சுவாமிநாதன் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம் இம்மக்களுடன் இணைந்து சதுப்புநிலக் காட்டை மீட்கும் பணியில் ஈடுபட்டது. அவர்களுடைய குழந்தைகளின் கல்விக்கும் துணைநின்றது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, காட்டின் பின்புறம் இருந்த ஊர்களுக்கு அந்த மரங்களே அரணாக நின்றன.

இன்னொரு தொடர்பு நம் வயல்களில் உள்ளது. நெல் விளையும் இடத்தில் எலி உண்டு. எலி உள்ள இடத்துக்குப் பாம்பும் வரும். எலிக்கு நம் விவசாயிகள் மூங்கிலால் செய்த தஞ்சாவூர்க் கிட்டியை வைக்கின்றனர். வடமாவட்டங்களில் இருளர் வரப்பிலுள்ள வளையின் வாயில் புகையூட்டி எலி பிடிக்கின்றனர். எலி சேர்த்து வைத்த நெல்லையும் தோண்டி எடுத்துக்கொள்கின்றனர். ஆனால் பாம்புக்கு என்ன செய்வது? நடவுக்கும் களைக்கும் இறங்குபவரையும் இரவில் நீர்பாய்ச்சப் போகிறவரையும் நாகமோ கண்ணாடிவிரியனோ கட்டுவிரியனோ தீண்டினால் மருத்துவமனையில் நஞ்சுமுறி மருந்து செலுத்துகிறார்கள். அம்மருந்தைத் தயாரிக்கப் பாம்பின் நஞ்சு வேண்டும். இந்தியாவில் அதற்குத் தேவையான நஞ்சின் பெரும்பகுதியை நெடுங்காலமாக எடுத்துத் தந்திருப்பது இருளர் கைகளே.

1978ஆம் ஆண்டு செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் அதற்குத் தூண்டுகோலாக இருந்தார். முன்பு தோலுக்காகப் பாம்பைக் கொன்றவர்கள், அதன்பின் நஞ்சை மட்டும் எடுத்துவிட்டு, சில வாரங்களில் அதை மீண்டும் காட்டில் விட்டனர். கொல்லும் தொழில் உயிர் காக்கும் தொழிலாக மாறியது. இச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நம் பங்குகளில் பாம்புக்கடியிலிருந்து பிழைத்து எழுந்தவர்கள், தாங்கள் காணாத ஓர் இருளருக்கு உயிர்க்கடன் பட்டிருக்கக்கூடும்.

கடற்கரையில் ஒரு தற்காலிக ஊர்

மாசிப் பௌர்ணமிக்கு ஓரிரு நாள்கள் முன்பிருந்தே இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் வந்து சேரத் தொடங்குகின்றன. முதியோர் முதல் கைக்குழந்தை வரை குடும்பம் முழுவதும் வருகிறது. பானை, அரிசி, விறகு, பாய் எல்லாம் உடன் வருகின்றன. பல்லவர் எழுப்பிய கடற்கரைக் கோவிலை அண்டிய மணல்வெளியில் கம்புகளை நட்டு, பழைய சேலைகளைக் கட்டி நிழல் செய்துகொள்கின்றனர். உலகப் பாரம்பரியச் சின்னமாக 1984இல் அறிவிக்கப்பட்ட அவ்விடத்தைப் பார்க்கப் பல நாட்டவர் வருகின்றனர். ஆனால் இந்நாள்களில் அந்த மணல் இருளர் ஊராகிவிடுகிறது.

இவர்கள் வழிபடும் தெய்வம் கன்னியம்மன். ஏழு கன்னிமாருள் ஒருத்தியாக அவளை எண்ணுகின்றனர். இவ்விழாவுக்குக் காரணமாக இருளர் கூறும் செய்தி எளியது. கன்னியம்மன் தன் மக்கள்மீது மனவருத்தம் கொண்டு, கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டாள். பிள்ளைகள் கடற்கரைக்கு வந்து, பிழை பொறுக்குமாறு வேண்டி, அவளைச் சமாதானப்படுத்தித் தங்களோடு வீட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஆண்டுதோறும் மாசிப் பௌர்ணமியில் அவர்கள் செய்வது இதைத்தான்.

பௌர்ணமி நாளின் விடியற்காலையில், இருள் பிரியுமுன்பே வழிபாடு தொடங்குகிறது. அலை வந்து தொடும் ஈரமணலில் ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஒரு சிறு பீடம் அமைக்கிறது. ஏழு கன்னிமாரை நினைந்து ஏழு படிகள் வைக்கின்றனர். அதன்மீது பூ, தேங்காய், வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பொரி ஆகியவற்றைப் படைத்து விளக்கேற்றுகின்றனர். சிலர்மீது அருள் இறங்குகிறது. அவர்கள் வழியாகக் கன்னியம்மன் பேசுவதாகக் குடும்பத்தினர் நம்புகின்றனர். நோய், கடன், பிள்ளைப்பேறு, குடும்பச் சண்டை என்று மனத்திலுள்ளதைச் சொல்லிக் குறி கேட்கின்றனர். பின்னர் அலை மேலேறி வந்து அந்த மணல் படிகளைத் தழுவிக் கரைக்கிறது. படைத்தவற்றை அலை எடுத்துக்கொண்டால் அம்மன் மனம் இரங்கி ஆசீர் அளித்துவிட்டாள் என்பது நம்பிக்கை.

பீடம் அமைக்கக் கல்தச்சரோ, பெரிய செலவோ தேவையில்லை. நிலமில்லாதவரும் மணலில் பீடம் கட்டலாம். அதை அலை அழித்துவிட்டால் வருத்தமில்லை; அழிவதே அருள். அடுத்த ஆண்டு மீண்டும் வெறும் மணலிலிருந்து தொடங்குகிறார்கள்.

புதிதாகத் தொடங்கும் வாழ்வு

மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று நம்பும் மக்கள், அதே காலையில் அதே மணலில் புது வாழ்வையும் தொடங்குகின்றனர். குழந்தைகளுக்கு முடியிறக்குகின்றனர், காது குத்துகின்றனர், பெயர் சூட்டுகின்றனர். முந்திய ஆண்டு நேர்ந்துகொண்டவர்கள் நேர்த்திக்கடனைச் செலுத்துகின்றனர்.

திருமணங்களும் அங்கேயே நடைபெறுகின்றன. கடலை நோக்கி நின்று, உறவினர் சூழ, மணமகன் தாலி கட்டுகிறார். மண்டபமோ, பெரிய சீர்வரிசையோ வேண்டியதில்லை. மாப்பிள்ளை பெண் பார்ப்பதும், அடுத்த ஆண்டுத் திருமணத்தைப் பேசி முடிப்பதும் இங்கு நடக்கும். ஆண்டு முழுவதும் சூளைக்கும் ஆலைக்கும் தோப்புக்குமாகச் சிதறிக் கிடக்கும் உறவினர் ஒருவரையொருவர் காணும் இடம் இதுவே. எங்கு வேலைக்குப் போனாலும் மாசிப் பௌர்ணமிக்குக் கடற்கரையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்களிடையே எழுதப்படாத உடன்பாடு. கூடி அமர்ந்து சமைத்து உண்ணும் இடத்தில் பழைய மனத்தாங்கல் நெடுநேரம் நிற்பதில்லை.

எனவே இவ்விழாவில் இரண்டு சமாதானங்கள் நிகழ்கின்றன. ஒன்று தெய்வத்தோடு, மற்றொன்று உறவுகளோடு. இரண்டையும் அம்மக்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. கோபித்துச் சென்ற தாயை அழைத்து வரத் தனியாக ஒருவர் போவதில்லை, குடும்பமே போகிறது.

நாம் நன்கறிந்த ஊதாரி மைந்தன் உவமையை இங்கு நினைத்துப் பார்க்கலாம். அதில் வீட்டைவிட்டுப் போனவன் மகன். வழிமேல் விழிவைத்துக் காத்திருந்தவர் தந்தை. இருளர் கூறும் செய்தியில் போனவள் தாய். தேடிச் செல்வோர் பிள்ளைகள். இரண்டும் வெவ்வேறு நம்பிக்கைகளிலிருந்து பிறந்தவை. ஒன்றை மற்றொன்றோடு கலக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றில் அவை ஒத்திருக்கின்றன. வீட்டிலிருந்தபடி மனத்துக்குள் வருந்துவதோடு எதுவும் முடிந்துவிடவில்லை. மகன் எழுந்து நடந்தான், தந்தை ஓடிவந்தார், இருளர் மக்கள் மூட்டை முடிச்சோடு கடற்கரைக்கு வருகிறார்கள். காணிக்கை செலுத்த வந்த இடத்தில், சகோதரருக்கு நம்மீது மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் உறவைச் சரிசெய்ய வேண்டும் என்று ஆண்டவர் மலைப்பொழிவில் கற்பித்ததும் இத்தகைய ஒரு நடையைத்தான்.

உலகின் மறுகோடியில் ஒரு விழா

மன்னிப்புக்கென ஆண்டில் ஒரு நாளை ஒதுக்கும் வழக்கம் வேறு பழங்குடி மக்களிடமும் உண்டு. வட அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில், இன்றைய ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் வாழ்ந்த மஸ்கோகி மக்கள் கோடையில் புதுச் சோளம் முற்றும்போது 'புஸ்க்' என்னும் பச்சைச் சோள விழாவைக் கொண்டாடினர். அவ்விழா முடியும்வரை புதுச் சோளத்தை உண்ணமாட்டார்கள்.

விழாவுக்கு முன் வீடுகளைத் தூய்மை செய்து, பழையவற்றைக் களைவார்கள். நம் ஊர்ப் போகியை இது நினைவூட்டுகிறது. ஊரிலுள்ள அடுப்புகளையெல்லாம் அணைத்துவிடுவார்கள். நோன்பிருந்தபின் ஊர்மன்றத்தில் நான்கு திசைகளை நோக்கி நான்கு கட்டைகளை வைத்துப் புதுநெருப்பு மூட்டுவார்கள். அந்த நெருப்பிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் நெருப்பு எடுத்துச் செல்லப்படும். கொலை நீங்கலாக, கடந்த ஆண்டின் குற்றங்கள் மன்னிக்கப்படும். ஒளிந்து வாழ்ந்தவரும் ஊருக்குத் திரும்பலாம்.

1830களில் அம்மக்கள் தங்கள் நிலத்திலிருந்து பலவந்தமாக வெளியேற்றப்பட்டு, இன்றைய ஓக்லகோமா மாநிலத்துக்கு அனுப்பப்பட்டனர். வழியிலேயே பலர் மாண்டனர். இருந்தும் விழாவை அவர்கள் கைவிடவில்லை. இன்றும் ஓக்லகோமாவில் அது நடைபெறுகிறது. நிலத்தை இழந்தவர்களும் மன்னிக்கும் வழக்கத்தை இழக்காமல் வைத்திருந்தனர் என்பது நம் சிந்தனைக்குரியது.

கடன் என்னும் கட்டு

மன்னிப்பு விழா கொண்டாடும் இருளர் மக்களின் வாழ்வில், மன்னிக்கப்படாத ஒன்று அவர்களைத் துரத்துகிறது. அதுதான் கடன்.

மருத்துவச் செலவுக்கோ, திருமணத்துக்கோ, சாவுச் செலவுக்கோ ஒரு குடும்பம் முன்பணம் வாங்குகிறது. சில ஆயிரம் ரூபாய்தான். அதற்கு ஈடாகக் கணவன், மனைவி, சில வேளைகளில் பிள்ளைகளும் செங்கல் சூளையிலோ, அரிசி ஆலையிலோ, விறகுத் தோப்பிலோ வேலை செய்ய வேண்டும். எவ்வளவு உழைத்தாலும் கணக்கில் கடன் குறைவதில்லை. ஊருக்குப் போகவும் உறவினரைப் பார்க்கவும் முதலாளியின் அனுமதி வேண்டும். இதற்குப் பெயர் கொத்தடிமை. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் விறகு வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை வருவாய்த்துறை அதிகாரிகள் மீட்டனர். அப்போது முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்து கும்பிட்ட புகைப்படம் நாளேடுகளில் வந்து பலரை உலுக்கியது.

நெல்லை விளைவிக்கும் நமக்கும் நெல்லை அரிசியாக்கும் ஆலைக்கும் உள்ள தொடர்பை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். வயலிலிருந்து வீடுவரை ஒரு மூட்டை அரிசி எத்தனை கைகளைக் கடந்து வருகிறது! அவற்றுள் கட்டுண்ட கைகள் உண்டா என்று கேட்பது நம் கடமை.

1976ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இதில் மிகத் தெளிவாக உள்ளது. கொத்தடிமையாக வைத்து வேலை வாங்குவது குற்றம். அதுமட்டுமன்று, அந்தக் கடனும் சட்டப்படி ஒழிந்துவிடுகிறது. மீட்கப்பட்டவர் ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தர வேண்டியதில்லை. கடனைக் கேட்டு அவரை மிரட்டுவதற்கு யாருக்கும் உரிமையில்லை.

இச்சட்டத்தைப் படிக்கும்போது லேவியர் நூல் 25ஆம் அதிகாரம் நம் நினைவுக்கு வரும். 50 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் யூபிலி ஆண்டில், விற்ற நிலம் உரியவரிடம் திரும்ப வேண்டும், வறுமையால் அடிமைப்பட்டவர் தம் குடும்பத்திடம் திரும்ப வேண்டும் என்று அங்கு விதிக்கப்பட்டுள்ளது. விவிலியத்தில் மன்னிப்பு என்பது உள்ளத்தின் உணர்வாக மட்டும் நிற்பதில்லை. நிலமாக, கூலியாக, விடுதலையாக அது வடிவெடுக்கிறது. நாம் நாள்தோறும் சொல்லும் கர்த்தர் கற்பித்த செபத்தில், மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலம் குற்றங்களைக் 'கடன்கள்' என்றே குறிப்பிடுகிறது. வரி தண்டும் சக்கேயு, தாம் ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்த பின்பே, அவர் வீட்டுக்கு மீட்பு வந்ததாக ஆண்டவர் அறிவித்தார்.

திருச்சபை கேட்ட மன்னிப்பு

பழங்குடி மக்களோடு ஒப்புரவாகும் பாதையில் திருச்சபையும் நடக்கத் தொடங்கியுள்ளது. 2000ஆவது யூபிலி ஆண்டின் தவக்காலத்தில், மார்ச் 12ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் புனித பேதுரு பேராலயத்தில் மன்னிப்பு நாள் வழிபாடு நடத்தினார். திருச்சபையின் பிள்ளைகள் கடந்த நூற்றாண்டுகளில் செய்த தவறுகளுக்காகவும், மக்களின் பண்பாடுகளையும் உரிமைகளையும் மதிக்காமல் போனதற்காகவும் இறைவனிடம் அன்று மன்னிப்பு வேண்டப்பட்டது.

22 ஆண்டுகளுக்குப் பின், 2022 ஜூலை 25இல், திருத்தந்தை பிரான்சிஸ் கனடாவின் மாஸ்குவாசிஸ் என்னும் இடத்துக்குச் சென்றார். அந்நாட்டில் ஏறக்குறைய 1 லட்சத்து 50 ஆயிரம் பழங்குடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு உறைவிடப் பள்ளிகளில் வைக்கப்பட்டிருந்தனர். தாய்மொழி பேசவும், தங்கள் விழாக்களைக் கொண்டாடவும் அங்கு அவர்களுக்குத் தடை இருந்தது. அப்பள்ளிகள் பலவற்றைக் கத்தோலிக்கத் துறவியரே நடத்தினர். நடக்கச் சிரமப்பட்ட நிலையில், சக்கர நாற்காலியில் அமர்ந்து கடல்கடந்து சென்ற திருத்தந்தை, அம்மக்களிடமே நேரில் மன்னிப்பு வேண்டினார். மன்னிப்புக் கேட்பது முடிவன்று, அது முதற்படி மட்டுமே என்றும் அவர் தெளிவுபடுத்தினார். அடுத்த ஆண்டு மார்ச் 30இல், பழங்குடி மக்களின் நிலங்களைக் கைப்பற்றுவதற்குப் பழங்காலத்தில் காரணமாகக் காட்டப்பட்ட 'கண்டுபிடிப்புக் கோட்பாட்டை' வத்திக்கான் முறைப்படி மறுத்தது.

2000இல் மன்னிப்பு இறைவனிடம் வேண்டப்பட்டது. 2022இல் அது புண்பட்ட மக்களிடமே கேட்கப்பட்டது. இருளர் விழாவில் கண்ட அந்த இரண்டு சமாதானங்களும் இங்கு ஒன்றையொன்று தொடர்ந்து வருவதைக் காண்கிறோம்.

பழங்குடி மக்களின் சமய வெளிப்பாடுகளை மூடநம்பிக்கை என்று அவசரப்பட்டு ஒதுக்கிவிடலாகாது என்று 2020இல் வெளியான 'அன்புக்குரிய அமேசோனியா' என்னும் மடலிலும் திருத்தந்தை பிரான்சிஸ் அறிவுறுத்தினார். மணலில் ஏழு படிகள் கட்டும் மக்களை வேடிக்கை பார்க்கும் கண்ணோடு நோக்குவது நமக்கு அழகன்று.

நாம் நடக்க வேண்டிய தூரம்

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே, நம் அருகில் வாழும் எளிய மக்களை நோக்கி எடுத்துவைக்கக் கூடிய சில அடிகளை இங்கு எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, சான்றிதழ். தமிழகத்தில் பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் வழங்க இயலாது. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரே வழங்க வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு, பேருந்துச் செலவு செய்து, பலமுறை அலைய முடியாத குடும்பங்கள் பாதியிலேயே விட்டுவிடுகின்றன. சான்றிதழ் இல்லாததால் பிள்ளையின் படிப்பு பத்தாம் வகுப்போடும் பன்னிரண்டாம் வகுப்போடும் நின்றுவிடுகிறது. விண்ணப்பத்தை நிரப்பித் தரவும், அலுவலகம்வரை உடன் செல்லவும் நம் பங்கில் படித்த இளையோர் இருக்கிறார்கள்.

இரண்டாவது, கொத்தடிமை நிலை. சூளையிலோ ஆலையிலோ தோப்பிலோ ஒரு குடும்பம் வெளியே செல்ல முடியாமல், கூலியின்றி, முன்பணத்துக்காக அடைபட்டிருப்பதாகத் தெரிந்தால், மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ தெரிவிக்கலாம். மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழ் கிடைத்ததா என்றும் பார்க்க வேண்டும். அச்சான்றிதழே கடன் ஒழிந்ததற்கும் அரசின் மறுவாழ்வு உதவிக்கும் ஆதாரம்.

மூன்றாவது, நம்மிடம் வேலை செய்பவரின் கணக்கு. வீட்டிலும் வயலிலும் கடையிலும் வேலை செய்பவருக்கு நாம் கொடுத்த முன்பணம், அவர் கழுத்தில் கட்டிய கயிறாக மாறியிருக்கிறதா? தவக்காலத்தில் இறைச்சி தவிர்த்து மிச்சப்படுத்தும் பணத்தை உண்டியலில் இடுகிறோம், அது நன்று. தீர்க்க முடியாத ஒரு கடனை எழுதிய தாளைக் கிழித்துப் போட்டால், அதுவும் தவக்காலக் காணிக்கையே.

நான்காவது, உறவு. திருவிழாவில் சப்பரம் தூக்கும் முறை, கல்லறைத் தோட்டத்து இடம், வரப்புத் தகராறு, சொத்துப் பங்கு என்று நம் ஊர்களில் ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. ஒரே கோவிலில் ஒரே அப்பத்தில் பங்குகொண்டு, வாசலில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவிடம் சொல்லிவிட்டு வந்த பாவத்தைக் குறித்து, அதனால் புண்பட்டவரிடம் போய் ஒரு சொல் சொல்வதற்கு இன்னும் நேரம் வரவில்லையா?

மாசி முழுநிலவு எழும் இரவில், நிலம் இல்லாத, பலருக்கு வீட்டுமனைப் பட்டாகூட இல்லாத மக்கள், கோபித்துச் சென்ற தாயைத் தேடிக் கடற்கரையில் அமர்ந்திருப்பார்கள். விடிந்ததும் அவளை அழைத்துக்கொண்டு தம் குடிசைகளுக்குத் திரும்புவார்கள். அவர்களுக்கு நெடுந்தூரப் பயணம் அது. நமக்கு உள்ள தூரமோ பல வேளைகளில் அடுத்த தெருவரைதான். இத்தவக்காலத்தில் அந்தச் சிறு தூரத்தை நடந்து கடப்போம்.